நான் மூடித் தைத்த கழுத்து

மக்கா,

நேற்று சாயங்காலம் நீ பள்ளிக்கூட வேலை முடிந்து நேரே கடைக்குள் ஏறி வந்து, கல்யாண ப்ளவுசின் பின் கழுத்தை ஏழு இஞ்ச் இறக்கச் சொன்னாய். மூன்று இஞ்சுக்கு மேல் ஒரு நூல்கூட இறக்க மாட்டேன் என்று நான் சொன்னேன். "அம்மா, நான் கொண்டை போடப் போறேன். கழுத்து தெரியட்டும். மூடித் தச்சா நான் உடுத்த மாட்டேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு நீ போய்விட்டாய். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது. இன்று மத்தியானம் கடையின் பாதிக் கதவை அடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். உன்னிடம் நேரில் சொன்னால் மூன்றாவது வார்த்தையில் நாம் இரண்டு பேரும் முட்டிக்கொள்வோம். என் வாய்க்கு முன்னால் புதுக்கடை சந்தையே நிற்காது, நீ ஒருத்திதான் நிற்பாய். காகிதம் என்றால் எதிர்த்துப் பேசாது, நான் சொல்ல நினைத்ததை முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

நீ பிறந்த வருடம் தொடங்கிய கடை இது. இருபத்தாறு வருடமாக இந்த ஊர்ப் பெண்களின் தோளும் இடுப்பும் என் கையில்தான் இருக்கின்றன. ஒருத்தி படியேறி வரும்போதே, போன ஓணத்துக்கு எடுத்த அளவைவிட இரண்டு இஞ்ச் கூடியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவள் "அக்கா, பழைய அளவு போதும்" என்பாள். நான் சிரித்துக்கொண்டே கூட்டி வெட்டுவேன். உடம்பைப் பற்றி என்னிடம் யாரும் பொய் சொல்ல முடியாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு, அது உனக்கும் தெரியும். அந்தக் கர்வத்தை வைத்துக்கொண்டே நான் இரண்டு முறை கண்ணிருந்தும் குருடியாக இருந்தேன். ஒன்று உன் அப்பா விஷயத்தில், மற்றது உன் விஷயத்தில்.

அப்பா அப்போது இனயத்தில் விடியற்காலம் மீன் எடுத்து, வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டி, வீடு வீடாக விற்றுவிட்டு வருவார். நல்ல தேகம். கழுத்துப் பட்டன் போட்டால் மூச்சு முட்டும் என்று சொல்லி நான் காலரை எப்போதும் அரை இஞ்ச் கூட்டித் தைப்பேன். நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம் அவர் மெலியத் தொடங்கினார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. நான் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். நாலு மாதத்தில் மறுபடி தொங்கியது, மறுபடி பிடித்தேன். மூன்றாவது முறை பிடித்தபோது தையலுக்குள் துணி மடிந்து மடிந்து தடியாகிவிட்டது, அதற்காக மெஷினைத்தான் திட்டினேன். மீன் வாங்குகிற பெண்கள் "அண்ணன் இப்போ சின்னப் பையன் மாதிரி இருக்காரே" என்று சொல்வார்களாம். அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தாகம் வேறு. செம்பு செம்பாக வெள்ளம் குடிப்பார். "வெயிலில அலையுகேன், தாகம் எடுக்காம என்ன செய்யும்" என்பார். சூடு தணியட்டும் என்று பனங்காட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தி, அப்போதுதான் பனையிலிருந்து இறக்கிய தித்திப்பு அக்கானியை இரண்டு டம்ளர், மூன்று டம்ளர் என்று குடித்துவிட்டு வருவார். வீட்டில் கருப்பட்டிக் காப்பி. சீனிதான் கெடுதல், கருப்பட்டியும் அக்கானியும் பனை தருகிற மருந்து என்று நம்பிய வீடு நம்முடையது. நம்முடையது மட்டுமா, இந்தப் பக்கத்தில் முக்கால்வாசி வீடு அப்படித்தான். "அது சீனியா? கருப்பட்டியில்லா! உடம்புக்கு குளிர்ச்சி" என்று அப்பா சொல்லும்போது ஊற்றிக் கொடுத்தது என் கை. குடிக்கக் குடிக்கத் தாகம் ஏன் கூடுகிறது என்று ஒருநாள்கூட நான் கேட்கவில்லை.

நீதான் முதலில் பார்த்தாய். பின்பக்கக் குளிமுறிக்கு வெளியே அப்பா ஒண்ணுக்குப் போகிற இடத்தில் எறும்பு வரிசை வைத்து வருகிறது என்று என்னிடம் வந்து சொன்னாய். "அம்மா, இங்க மட்டும் ஏன் இவ்வளவு எறும்பு?" என்று கேட்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையில் எறும்புப் பொடி வாங்கிக்கொண்டு வந்து தூவினேன். "பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன பார்வை?" என்று உன்னைத் திட்டவும் செய்தேன். பதினாலு வயதுப் பிள்ளை கண்டதை நாற்பது வயதுக்காரியான நான் பொடி போட்டு மூடினேன். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் முகம் சுடுகிறது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் ஒன்றை நான் உன்னிடம் சொன்னதில்லை. கெளுத்தி மீனின் முள் அப்பாவின் இடது காலில் ஏறி, அது ஏறியதே தெரியாமல் இரண்டு நாள் செருப்புப் போட்டு நடந்திருக்கிறார். கெளுத்தி முள் குத்தினால் கடலோரத்து ஆண்பிள்ளைகளே அலறுவார்கள். இவருக்கு வலிக்கவே இல்லை. செருப்பில் ஈரம் இருக்கிறதே என்று நான்தான் பார்த்தேன், அது சீழ். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், "எப்பயிருந்து மெலியத் தொடங்கினார்?" என்று கேட்டார். நாள் கணக்கு எனக்கு வரவில்லை. "மூணு தடவ சட்டை பிடிச்சிருக்கேன் சார்" என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "முதல் தடவ பிடிச்சப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். சுகர் முற்றிப்போய், அந்தக் காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அப்பாவின் அந்தச் சட்டைகளை நான் பிறகு பிரித்து, தலையணை உறையாகத் தைத்துவிட்டேன்.

இதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, மக்கா. ஏனென்றால் அந்த நேரத்தில் உன் கழுத்தோடு நான் நடத்திய சண்டை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. உனக்குப் பதிமூன்று வயதில் சர்ச்சில் உறுதிபூசுதல் சடங்கு. வெள்ளை கவுன் தைத்து, போட்டுப் பார்க்க உன்னைத் திருப்பி நிறுத்தியபோது பின் கழுத்தில் கறுப்பாக ஒரு வளையம் இருந்தது. தொட்டால் வெல்வெட் துணிபோல இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏட்டி, குளிக்கியா, இல்ல வெள்ளத்தைத் தொட்டுட்டு ஓடி வாறியா?" என்று கேட்டு, உன்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், பயற்றம் பொடியும் எலுமிச்சம்பழமும் போட்டு, காய்ந்த பீர்க்கங்காய் நார்க்கூட்டால் தேய்த்தேன். நீ அழுதாய். "அம்மா, அது போவாது, நான் டெய்லி தேய்க்கேன்" என்று சொன்னாய். நான் நம்பவில்லை. தோல் சிவந்து, ஒரு இடத்தில் உரிந்தே போனது. மறுநாள் கோயிலில் ஆயர் உன் நெற்றியில் தைலம் பூசும்போது நீ கழுத்தை வளைக்காமல் விறைப்பாக நின்றாய். பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள். எரிச்சல் என்று எனக்கு மட்டும் தெரியும்.

தேய்த்துப் போகாததைத் தைத்து மறைக்கலாம் என்று அடுத்து முடிவெடுத்தேன். தையல்காரியின் பிள்ளையாகப் பிறந்த பலன் உனக்கு அதுதான். உன் சுடிதார் எல்லாவற்றுக்கும் காலர் நெக். வெயில் காலத்திலும் காலர். உன் கூட்டுக்காரிகள் படகு நெக்கும் பானை நெக்கும் போட்டு வந்தபோது நீ கழுத்தோடு இறுக்கிப் பட்டன் போட்டுக்கொண்டு போனாய். "உங்க மோளுக்கு மட்டும் என்ன, மடத்துச் சிஸ்டர் மாதிரி தைக்கிறீங்க" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், அடக்கமான பிள்ளை என்று பதில் சொல்வேன். இடுப்பு அளவு வருடா வருடம் கூடியதையும் நோட்டில் என் கையாலேயே எழுதினேன். வளர்கிற வயது என்று எழுதிவிட்டு மூடினேன். மத்தியானம் சாப்பிட்டவுடன் தூங்கி விழுவாய், அதைச் சோம்பல் என்று திட்டினேன். வீட்டில் ஒரு ஆளுக்குச் சுகர் வந்து விரல் போன பிறகும், அதே வீட்டில் இன்னொரு உடம்பு கை தூக்கிக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கு மெலிவு, உனக்குப் பருமன், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று இருந்துவிட்டேன். இந்தத் தப்புக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். அந்தக் கழுத்தில் அழுக்கு இல்லை, மக்கா. அழுக்கு என்று சொன்ன என் வாயைத்தான் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை. ப்ளவுஸ் வாங்க வந்த ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுடைய மகள் உன்னிடம் ஏழாம் வகுப்பில் கணக்குப் படித்தவள். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்து, பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டிப் பேசியிருக்கிறார். கழுத்தில் கறுப்பு படர்ந்த படம் வந்தபோது முன் வரிசையிலிருந்து ஒரு பெண் பிள்ளை, "மிஸ், உங்களுக்கும் இப்பிடி உண்டுல்லா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாளாம். அன்றைக்குப் பார்த்து உன் காலரின் மேல் பட்டன் அறுந்திருந்தது. மற்ற டீச்சர்கள் அவளை அதட்டப் போனார்களாம். நீ எழுந்து நின்று, முடியை ஒதுக்கி, கழுத்தைத் திருப்பிக் காட்டி, "ஆமா, எனக்கும் உண்டு. நாளைக்கு நான் போய் டெஸ்ட் எடுக்கப் போறேன். யாருக்கெல்லாம் வீட்டில் இப்பிடிப் பாத்த ஞாவகம் உண்டோ, அவங்களும் போய்ச் சொல்லுங்க" என்று சொன்னாயாம்.

அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன் என்று எழுத ஆசை. பெருமைப்படவில்லை. நீ வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, ஊருக்கெல்லாம் கழுத்தைத் திருப்பிக் காட்டிட்டு வந்தியா? நாளைக்கு உன்னைய யாரு கெட்டுவா?" என்று கத்தினேன். நீ பையை இறக்கி வைத்துவிட்டு, "இவ்வளவு நாளும் அழுக்குன்னு நினைச்சாங்க அம்மா. இப்போ என்னன்னு தெரியும். இதுதான் எனக்கு நல்லது" என்று சொன்னாய். அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். எனக்குப் பதில் இல்லாதபோது நான் செய்கிற வேலை அதுதானே.

டெஸ்டில், சுகர் இன்னும் வரவில்லை, வாசலில் வந்து நிற்கிறது என்று வந்தது. உடம்பில் இன்சுலின் இருந்தும் அது சரியாக வேலை செய்யாமல் போனால் முதலில் கழுத்திலும் அக்குளிலும்தான் இப்படிக் கறுக்கும், அதைக் கண்டு பலரும் சோப்புதான் வாங்குவார்கள் என்று டாக்டர் சொன்னதாக நீ வந்து சொன்னாய். எனக்குப் பீர்க்கங்காய்க் கூடு ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே நீ என் அடுக்களையைப் பிடித்துக்கொண்டாய். கருப்பட்டி டப்பா போனது. மரச்சீனிக் கிழங்கு ஒரு சட்டியிலிருந்து நாலு துண்டானது, சாளைக் குழம்பு மட்டும் தாராளம். "கிழங்கு இல்லாத மீனுக்கு என்னட்டி ருசி?" என்று நான் சண்டை போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கத் தொடங்கினாய். விரல் இல்லாத காலுக்குத் தகுந்த செருப்பு தேடி நீ மார்த்தாண்டம் முழுக்க அலைந்தாய். நடந்து வந்ததும் அவர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். வீட்டில் நல்ல நாள், கெட்ட நாள் இரண்டும் இருந்தது. நீ ஒருநாள் அல்வாவை ஒளித்துவைத்துத் தின்றதை நான் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து எடுத்த டெஸ்டில் கணக்கு நல்லபடியாக இறங்கியிருந்தது. போய்விட்டது என்று நினைக்கக் கூடாது, வருடந்தோறும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழுத்தும் கொஞ்சம் வெளுத்தது, முழுக்க வெளுக்கவில்லை. அதற்கு நீ கவலைப்படவே இல்லை.

பெண் பார்க்க வந்த நாளைப் பற்றி நாம் இன்றுவரை பேசவில்லை. கடியப்பட்டணத்திலிருந்து அவர்கள் வருவதாகச் சொன்னதும் நான் நாலு நாள் உட்கார்ந்து ஒரு காலர் நெக் சுடிதார் தைத்தேன். சந்தன நிறம், காலரில் மணி வேலை. சுகர் விஷயத்தை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பாவிடமும் உன்னிடமும் சொல்லிவைத்தேன். பையன் மஸ்கட்டில் நல்ல வேலை, குடும்பம் நல்ல குடும்பம், இப்படி ஒரு இடம் வாய்த்து, அது இதனால் கைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்கு உயிர் போகிற பயம். நீ அந்தச் சுடிதாரைக் கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டு, சேலையும், சாதாரணக் கழுத்து வைத்த ப்ளவுசும் உடுத்தி, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாய். அந்த ப்ளவுசை நீ வேறு கடையில் தைத்திருந்தாய், அது எனக்கு இரண்டாவது அடி.

சாயா கொடுத்து முடித்ததும் நீ நின்றபடியே சொன்னாய். "எனக்க அப்பாவுக்கு சுகர் உண்டு. எனக்கும் ரெண்டு வருசம் மின்னே வரப் பாத்துது. இந்தக் கழுத்துக் கறுப்பு அதுக்க அடையாளம். இப்போ குறஞ்சிருக்கு, ஆனா எப்பவும் கவனமா இருக்கணும். பெறகு தெரிஞ்சா நாங்க மறைச்சோம்ணு ஆவும், அதான் இப்பவே சொல்லுகேன்." மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வேற என்ன அடையாளம் எல்லாம் உண்டு?" என்று கேட்டார். நீ வகுப்பு எடுக்கிற மாதிரி சொன்னாய். தீராத தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போவது, காரணமில்லாத மெலிவு, ஆறாத புண், கால் மரப்பு, மறைவிடத்தில் ஓயாத அரிப்பு, கண் ஒருநாள் தெளிவாகவும் ஒருநாள் மங்கலாகவும் தெரிவது, சாப்பிட்டதும் அசதி. ஆண்பிள்ளைகள் இருக்கிற சபையில் அரிப்பு என்று நீ சொன்னபோது எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. "தாகம்ணு சொன்னியே மோளே, அது எப்பிடி?" என்று அந்த அம்மா மறுபடியும் துருவினார். சரி, குறை கண்டுபிடிக்கிறார், முடிந்தது கதை என்று நினைத்தேன். "சொல்லி விடுகோம்" என்று எழுந்து போனார்கள்.

பதினோரு நாள் ஒரு தகவலும் இல்லை. "உனக்க வாயாலயே உனக்க வாழ்க்கைய வெட்டிப் போட்டியே" என்று நான் உன்னிடம் சொன்னேன். அப்பா அதுவரை எனக்கு எதிராகப் பேசாதவர், அன்றைக்குக் குரலை உயர்த்தினார். "அவ சொன்னதுதான் சரியிட்டி. என்னைப்போல முள்ளு குத்தினதும் தெரியாம நடக்கச் சொல்லுகியா?" என்றார். நான் உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். நீ தினமும் "அம்மா, போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய், நான் தையலிலிருந்து நிமிரவில்லை. ஒருநாள் நீ போன பிறகு மெஷின் மேல் தலையை வைத்து அழுதேன். அந்த அழுகை உனக்காகவா என் பிடிவாதத்துக்காகவா என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டாம் நாள் கடியப்பட்டணத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா தனியாகப் பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். கையில் ஒரு ப்ளவுஸ் துணி, அளவுக்கு ஒரு பழைய ப்ளவுஸ். வேறொன்றும் சொல்லவில்லை. "ஒண்ணு தைக்கணும்" என்றார். நான் வேண்டாவெறுப்பாக நாடாவை எடுத்தேன். அளவு ப்ளவுசுக்கும் அவர் உடம்புக்கும் இரண்டு இஞ்ச் வித்தியாசம், உடம்புதான் குறைவு. முன்பென்றால் வாய் திறக்காமல் பிடித்துத் தைத்திருப்பேன், மெலிந்தது அழகாக இருக்கிறது என்று புகழ்ந்தும் இருப்பேன். அன்றைக்கு நாடாவை இறக்கிவிட்டு, "இது எப்ப தச்சது? இவ்வளவு மெலிஞ்சிருக்கீங்களே, ஏன்?" என்று கேட்டேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு பெண்ணிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மா முக்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "உங்க மோளு சொன்னது எல்லாமே எனக்கு உண்டு. தாகமும் உண்டு, மெலிவும் உண்டு. கருவாடு காயப்போடுகிற வெயிலுன்னு நெனச்சேன். அரிப்பை யாருக்கிட்ட சொல்ல? ஒரு வருசமா பல்லைக் கடிச்சுக்கிட்டு கெடந்தேன். அந்தப் பிள்ளை அவ்வளவு பேருக்கு முன்னால கூசாம சொன்னா. பெறகுதான் எனக்கு தைரியம் வந்து டெஸ்ட் எடுத்தேன். நல்லா கூடுதல் உண்டாம். மருந்து தொடங்கியாச்சு. அதான் சொல்லி விட இத்தனை நாளு ஆச்சு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ எனக்க வீட்டுக்கு வரணும். நீங்க விடுவியளா?" என்று கேட்டார். நான் விடுவேனா என்று என்னைக் கேட்கிறார்! எனக்கு அன்றைக்கு வந்த பெருமையை எந்த நாடாவாலும் அளக்க முடியாது. அதை உன்னிடம் காட்டாமல், "சம்மதமாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு மீன் கழுவப் போனேன். அந்தக் கஞ்சத்தனத்துக்கும் சேர்த்து இன்றைக்குச் சொல்கிறேன், உன்னைப் பெற்றதில் எனக்கு அவ்வளவு பெருமை.

இனி நீ மஸ்கட் போகிறாய். உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அம்மா என்றால் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே நடக்க இடமில்லை என்று சாக்குச் சொல்லாதே, வீட்டுக்குள்ளேயே நட. மாப்பிள்ளை மெலிந்தாலும் தடித்தாலும் என்னைப்போலச் சட்டையைத் திருத்தாதே, ஆளைக் கேள். வயிற்றில் பிள்ளை தங்கினால் முதல் நாளே டாக்டரிடம் உன் சுகர் கதையைச் சொல். சில பெண்களுக்கு அப்போதுதான் அது தலை தூக்குமாம். உனக்குப் பிறக்கிற பிள்ளையின் கழுத்து கறுத்தால், தேய்க்க யாரையும் விடாதே. நான் வந்து நின்றாலும் விடாதே.

ப்ளவுசை இன்று பதினோரு மணிக்கு வெட்டிவிட்டேன். ஏழு இஞ்ச் சொன்னாய், ஏழரை இறக்கியிருக்கிறேன். அதற்கு முன்பு, காலையில் வழக்கமான நேரத்துக்கு நான் கடை திறக்கவில்லை. நீ மூன்று தடவை கேட்டும் "மெஷின் மிதிக்கிறவளுக்கு என்ன சுகர்?" என்று தட்டிக் கழித்தேன் அல்லவா, அது பொய். நாலைந்து மாதமாக ஊசியில் நூல் கோர்க்க ஒருநாள் முடிகிறது, ஒருநாள் முடியவில்லை. மத்தியானம் தலை தானாகச் சாய்கிறது. எனக்கும் இருக்கிறது என்று வந்தால் கல்யாணம் நெருங்கும் நேரத்தில் என்ன ஆகுமோ என்று உன்னிடமும் ஒளித்தேன். இன்றைக்கு வெறும் வயிற்றோடு ஜங்ஷனில் இருக்கிற லேபுக்குப் போனேன். "டாக்டர் சீட்டு உண்டா? யாரு சொல்லி வந்தீங்க?" என்று அந்தப் பெண் பிள்ளை கேட்டாள். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். "எனக்க மோளு சொன்னா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "மோளு டாக்டரா?" என்று கேட்டாள். "இல்ல, கணக்கு டீச்சர்" என்றேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டாம் தடவையும் ரத்தம் கொடுத்தேன். ஒரு மணிக்கு முடிவு வந்தது. எனக்கும் இருக்கிறது, மக்கா. வாசலில் இல்லை, உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தக் கடிதத்தை மடித்து உன் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைக்கலாம், நீ மஸ்கட் போய் நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். கல்யாணம் சந்தோசமாக முடியட்டும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு மறைப்புதான். அதனால் இன்றைக்கே, நீ பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள், லேப் சீட்டையும் இதையும் சேர்த்துச் சாப்பாட்டு மேசை மேல் வைக்கிறேன். படித்துவிட்டு அடுக்களைக்கு வா. எனக்கு இனி என்ன சமைக்க வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று நீதான் சொல்லித் தர வேண்டும். பாத்திரத்தை உருட்டாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா